நம்ம எம்.பி. நாடாளுமன்றத்தில் என்ன பேசினார்? தேடிப் படிப்பது எப்படி

கேள்வி: காட்பாடி காந்திநகரில் டியூஷன் எடுக்கிறேன். 'வேலூர் எம்.பி. நாடாளுமன்றத்தில் பேசியது இத்தனை முறை' என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஒரு குரூப்பில் பாராட்டி வருகிறது, இன்னொன்றில் திட்டி வருகிறது. இரண்டிலும் எண் வேறு வேறு. "எது மிஸ் உண்மை?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர் பேசியதை நாமே எங்கே பார்ப்பது? எதை வைத்து மதிப்பிடுவது?

பதில்: எண்ணுக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். உங்கள் ஓட்டு காட்பாடியில் இருந்தால், வேலூர் எம்.பி. உங்கள் எம்.பி. இல்லை. காட்பாடி சட்டமன்றத் தொகுதி, அரக்கோணம் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. வேலூர் மாநகராட்சிக்கு வரி கட்டுகிறீர்கள், வேலூர் கலெக்டரிடம் மனு கொடுக்கிறீர்கள், எம்.பி. ஓட்டு மட்டும் அரக்கோணத்துக்குப் போகிறது. வேலூர் மக்களவைத் தொகுதியில் இருப்பவை வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இந்த எல்லை மாறவில்லை. ஆம்பூர்க்காரருக்குக் கலெக்டர் திருப்பத்தூரில், எம்.பி. வேலூருக்கு. 2024 தேர்தலில் வேலூரில் வென்றவர் கதிர் ஆனந்த், அரக்கோணத்தில் வென்றவர் ஜெகத்ரட்சகன். பிள்ளைகளுக்கு முதலில் இந்தப் படத்தை வரைந்து காட்டுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி எண். 'விவாதத்தில் பங்கேற்றது', 'கேள்வி கேட்டது' என்று இரண்டு கணக்கு உண்டு. சிலர் இரண்டையும் கூட்டிப் போடுவார்கள். சிலர் போன மக்களவையின் ஐந்தாண்டுக் கணக்கை எடுத்து இப்போதைய கணக்குபோலப் போடுவார்கள். எண் வேறாக வர இது போதும். எம்.பி.க்களின் பங்களிப்பைத் தொகுத்து வெளியிடும் பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு நிறுவனம் வருகை, விவாதம், கேள்வி, தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) என்று தனித்தனியாகத்தான் தருகிறது. அமைச்சராக இருப்பவருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அவர் கேள்விக்குப் பதில் சொல்கிற இடத்தில் இருக்கிறார்.

கேள்விகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று நான் எப்போதும் சொல்வேன். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள், 230 குறியிடாத கேள்விகள் வரை பட்டியலில் இடம்பெறும். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வந்துவிடும், யாரும் எழுந்து பேச மாட்டார்கள். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையிலேயே பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் துணைக் கேள்வி போட்டு மடக்கலாம். ஆனால் கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான். அந்த 20-ல் சிலவற்றுக்குத்தான் முறை வரும், மற்றவற்றுக்கு எழுத்துப் பதில். எந்தக் கேள்வி நட்சத்திரம் ஆகும் என்பது குலுக்கலில் முடிவாகிறது. ஒரே கேள்விக்குக் கீழே ஐந்தாறு எம்.பி.க்கள் பெயர் இருப்பதும் சகஜம்.

ஆகவே மூலப் பதிவுக்கே போங்கள். நாடாளுமன்றத்தின் டிஜிட்டல் சன்சத் இணையதளத்தில் மக்களவை, உறுப்பினர்கள் என்று போய் எம்.பி.யின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அவருடைய கேள்விகள், உரைகள், அவர் இருக்கும் குழுக்கள் எல்லாம் வரும். காசு எதுவும் இல்லை. 1952 முதலான பழைய விவாதங்கள் நாடாளுமன்ற டிஜிட்டல் நூலகத்தில் இருக்கின்றன. நம்ம வேலூர் ஊரிசுக் கல்லூரியில் படித்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1952 முதல் 1962 வரை மாநிலங்களவைத் தலைவராக உட்கார்ந்து அவையை நடத்தியதையும் அந்த அவையின் பழைய விவாதப் பதிவுகளில் படிக்கலாம். பிள்ளைகளுக்கு அதில் ஒரு பக்கமாவது காட்டுங்கள்.

முதல்முறை பதிவைத் திறப்பவர்களுக்குச் சில இடங்கள் புரியாது. எம்.பி. தமிழில் பேசியிருந்தால் பதிவில் ஆங்கிலம்தான் இருக்கும். உரையருகே ஒரு உடுக்குறி (*), அடியில் 'தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு' என்ற குறிப்பு. அவர் வாயிலிருந்து வந்த தமிழே வேண்டும் என்றால் வீடியோவைத்தான் பார்க்க வேண்டும். அடைப்புக்குறிக்குள் 'இடையூறுகள்' என்று வந்தால் அப்போது அவையில் கூச்சல். வாக்கியத்தின் நடுவில் புள்ளிகளும் உடுக்குறியும் வந்தால், அந்தச் சொற்கள் பதிவாகவில்லை அல்லது சபாநாயகர் உத்தரவால் நீக்கப்பட்டன என்று பொருள். 'அவையில் வைக்கப்பட்டது' என்றிருந்தால் அந்த உரை பேசப்படவே இல்லை, எழுதிக் கொடுக்கப்பட்டது. கணக்கில் அதுவும் பங்களிப்பு என்று ஏறிவிடும்.

என்னைக் கேட்டால், பெயரை வைத்துத் தேடுவதைவிட ஊர்ப் பிரச்சினையை வைத்துத் தேடுங்கள். பாலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அதே ஆற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்பளிக்க வேண்டிவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பாலாறு என்ற சொல் அவையில் எப்போதெல்லாம் எழுந்தது, யார் எழுப்பினார்கள் என்று தேடினால் ஊரின் சரித்திரமே கிடைக்கும். கேட்டவர் வேறு தொகுதி எம்.பி.யாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 பேர் இருக்கிறார்கள், அவர்களையும் விட்டுவிடாதீர்கள். தேடும் பெட்டியில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். குடியாத்தத்தை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள், எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள்.

கிடைத்த கேள்வியை எப்படிப் படிப்பது? ஒரு கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரிந்திருக்கும். பதிலில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லியிருந்தால் நல்லது. '(அ) முதல் (ஈ) வரை' என்று ஒரே பத்தியாக வந்தால் பென்சிலை எடுங்கள். எந்தப் பகுதிக்குப் பதிலே வரவில்லை என்று அடிக்கோடிடுங்கள். பெரும்பாலும் எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் என்று கேட்ட பகுதியாகத்தான் இருக்கும். பதில் வராத அந்தப் பகுதியை அடுத்த கூட்டத்தொடரில் அதே எம்.பி. மறுபடி கேட்டாரா? அதைத்தான் நான் பங்களிப்பு என்பேன். நூறு கேள்வி கேட்டு நூறையும் அப்படியே விட்டவரைவிட, ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான்கு முறை கேட்டவர் மேல்.

'தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்' என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேறியதா என்று கவனிக்க அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது, அதன் அறிக்கைகளும் இணையத்தில் உண்டு.

மதிப்பெண் போடும்போது இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். மசோதா மீதான விவாதத்தில் நேரம் கட்சியின் பலத்தைப் பொறுத்துக் கிடைக்கிறது, யார் பேசுவது என்பதைக் கட்சி முடிவு செய்கிறது. சின்னக் கட்சிக்காரருக்குச் சில நிமிடங்கள் கிடைத்தாலே பெரிது. அதோடு, அமைச்சகங்களின் வேலையை ஆராயும் எம்.பி.க்களின் குழுக்களான துறைசார்ந்த நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. அங்கே அதிகாரிகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்பது மூடிய அறையில் நடக்கிறது. வாட்ஸ்அப் எண்ணில் அது வராது.

பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுங்கள். வேலூர், அரக்கோணம் எம்.பி.க்கள் இருவரின் பக்கத்தையும் திறந்து, விதி 377-ன் கீழ் (உறுப்பினர்கள் பிரச்சினைகளை மக்களவையின் கவனத்துக்குக் கொண்டுவர உதவும் விதி) அவர்கள் எழுப்பிய ஊர்ப் பிரச்சினை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அது சிறு குறிப்புதான், படிக்க ஐந்து நிமிடம் ஆகாது. அதற்கு அமைச்சரின் பதில் கடிதமாக அந்த எம்.பி.க்கே போகும். தேதியைக் குறித்துக்கொண்டு, எம்.பி. அலுவலகத்துக்கு நான்கு வரி எழுதி அந்தக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். கடிதத்தில் பிள்ளைகளே கையெழுத்துப் போடட்டும்.