பேக்கேஜ் மேனேஜரின் இடைமுகத்தை எளிமையாக்க என்ன செய்யலாம்?

மென்பொருளைப் போடவும் நீக்கவும் உதவுகிற கருவிதான் பேக்கேஜ் மேனேஜர்; கல்லூரி புராஜெக்டுக்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஐகான், டார்க் மோட், ஸ்டார் ரேட்டிங் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். ‘இதற்கு சரி சொன்னால் என்னவெல்லாம் போகும்’ என்பதை ஆளுக்குப் புரிகிற மாதிரி காட்டுங்கள், அது போதும்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் பார்த்துக்கொள்கிறேன், எல்லாம் உபுண்டு என்கிற லினக்ஸ். ஒரு பையன் பழைய பைத்தானை எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம் என்று, பைத்தான்3-ஐ நீக்கச் சொல்லி உபுண்டுவின் பேக்கேஜ் மேனேஜரான ஆப்டுக்குக் கட்டளை கொடுத்துவிட்டான். (மாணவனுக்கு ஏன் சுடோ, அதாவது அட்மின் அதிகாரம், கொடுத்தாய் என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். புராஜெக்ட் லேபில் அது இல்லாமல் வேலை நடக்காது, கொடுக்கச் சொன்னதும் நான் இல்லை.) உபுண்டுவின் எத்தனையோ கருவிகள் அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? திரை முழுக்கப் பெயர்கள், நடுவில் எங்கேயோ உபுண்டு-டெஸ்க்டாப். எண்டர் தட்டினான், ரீபூட் செய்தால் லாகின் திரையே இல்லை.

“இலவச சாஃப்ட்வேர் என்றால் இப்படித்தான்” என்றது நிர்வாகம். யுபிஎஸ் பேட்டரி மாற்றச் சொல்லி நான் கொடுத்த கடிதத்தை இன்னும் பிரித்துக்கூடப் பார்க்காதவர்கள், ஒவ்வொரு முறை கரண்ட் போய் மெஷின் படுக்கும்போதும் அதற்கும் லினக்ஸ்தான் காரணம் என்கிறார்கள். சரி, அதை விடுங்கள்.

எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் போட்டால் தீர்ந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2021-ல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்கிற இன்னொரு லினக்ஸில், கேம் ஆப்பான ஸ்டீம் போடப் போனபோது, அத்தியாவசியப் பேக்கேஜ்கள் நீங்கும் என்று ஆப்ட் எச்சரித்தது, ‘ஆமாம், நான் சொல்வதைச் செய்’ என்ற முழு வாக்கியத்தையும் டைப் செய்யச் சொன்னது. மனிதர் டைப் செய்தார், டெஸ்க்டாப் காலி. அப்புறம் ஆப்ட் அந்த வாக்கிய வழியையே எடுத்துவிட்டு, அத்தியாவசியமானதை நீக்கச் சொன்னால் மறுக்க ஆரம்பித்தது. ஆனால் எங்கள் பையன் விஷயத்தில் அதனாலும் பலன் இல்லை, ஏனென்றால் உபுண்டுவில் பைத்தான்3 ‘அத்தியாவசியம்’ என்ற வகையிலேயே வராது.

2025-ல் வந்த ஆப்ட் 3.0-வில் நீங்கப் போகிறவை சிவப்பில், பட்டியலின் கடைசியில், கேள்விக்குப் பக்கத்திலேயே வருகின்றன. நல்ல மாற்றம், மறுக்கவில்லை. ஆனாலும் நூறு பெயர்களைச் சிவப்பில் எழுதினாலும் அவை பெயர்கள்தானே? ‘உங்கள் டெஸ்க்டாப் போய்விடும்’ என்று ஒரு வரி மேலே இருந்தால் அந்தப் பையன் கையை எடுத்திருப்பான். உபுண்டு-டெஸ்க்டாப் மாதிரி மெட்டா பேக்கேஜ் (பல பேக்கேஜ்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் பெயர்) எது என்பது ஆப்டிடம் இருக்கிற தகவல்தான், அதை வைத்தே இந்த வரியை எழுதிவிடலாம்.

அடுத்தது, பின்வாங்கும் வழி. இன்னொரு லினக்ஸான ஃபெடோராவின் பேக்கேஜ் மேனேஜர் டிஎன்எஃப்பில் முந்தைய செயலை ரத்து செய்ய ஒரு கட்டளை பல வருடங்களாகவே இருக்கிறது. எங்கள் லேபில் இருக்கிற ஆப்ட் பதிப்பில் அது இல்லை, ஆனால் எது போனது என்பதெல்லாம் அதன் ஹிஸ்டரி லாகில் பதிவாகியிருக்கும். நான் அந்த மெஷினை மீட்டதும் அதைப் பார்த்துத்தான். அதைப் படித்து, நீங்கியதைத் திரும்பப் போடும் ஒரு பட்டன் செய்யுங்கள். முடித்ததும் எனக்கு ஒரு காப்பி அனுப்புங்கள், லேபில் போட்டுவிடுகிறேன்.