மேடு ஏறும்போது ஏசி காற்று முகத்தை விட்டுக் கண்ணாடிக்குப் போவது ஏன்?

1970களின் அமெரிக்க கார்கள் பலவற்றில் இதுதான் வழக்கமான கோளாறு. ஏசியில் குறை இருக்காது, வேக்குவம் கசியும்.

அந்தக் கார்களில் காற்றைத் திருப்பும் கதவுகளை அசைப்பது மோட்டார் இல்லை, எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் வரும் இழுவிசை, அதாவது வேக்குவம். எஞ்சினுக்குள் காற்று போகும் பாதையான இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து மெல்லிய குழாய் டாஷ்போர்டு சுவிட்சுக்கு வரும். அங்கிருந்து நிறம் நிறமாகப் பிரிந்து ஒவ்வொரு கதவையும் இழுக்கும் சவ்வுக்கு (டயாஃப்ரம்) போகும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, இழுவிசை சுமார் 18 அங்குல பாதரசம் (வேக்குவத்தை அளக்கும் அலகு). மேடு ஏற ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் கிட்டத்தட்ட பூஜ்யம். அந்த நேரத்தைச் சமாளிக்கத்தான் ஒருவழி வால்வும், வேக்குவத்தைச் சேமிக்கும் ஒரு டப்பாவும். சில ஃபோர்டு கார்களில் அது அசல் தகர டப்பா மாதிரியே இருக்கும்!

வால்வு தேய்ந்தாலோ டப்பா துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ, கதவு ஸ்பிரிங் இழுக்கும் பக்கம் போய்விடும். அது பெரும்பாலும் முன்கண்ணாடிப் பக்கம். வேண்டுமென்றே செய்த ஏற்பாடுதான். எது பழுதானாலும் பனிமூட்டம் படிந்து பாதை மறையக் கூடாதே.

முதலில் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். இரண்டு பக்கமும் காற்று போனால் மாற்றிவிடுங்கள், விலை குறைவுதான். அப்புறம் குழாய் முனைகள். பழைய ரப்பர் அங்கேதான் வெடிக்கும். டாஷ்போர்டைப் பிரிப்பது கடைசி.