பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு ஸ்கேன், என் பேரனுக்கு மட்டும் ரெண்டா?

கேள்வி: டாக்டர், என் பேரனுக்கு ஒண்ணரை வயசு, அழுதா உதடு நீலமாயிடும், நடந்துட்டே இருப்பான் திடீர்னு குத்துக்கால் போட்டு உக்காந்துக்குவான். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துட்டு, ஃபாலோ டெட்ராலஜிங்கிற பிறவி இதயக் கோளாறுன்னு சொன்னாங்க, இப்ப ஆபரேஷனுக்கு முன்னாடி சிடி ஸ்கேனும் வேணுமாம். எங்க ரோட்லயே இன்னொரு பையனுக்கு இதே வியாதி, எக்கோவோட முடிஞ்சுது, இப்ப ஓடி ஆடுறான். எங்களை மட்டும் ஏன் இழுத்தடிக்கிறாங்க?
- ஒரு ஆயா, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: இழுத்தடிக்கலம்மா. உங்க பக்கத்துல கவுன்சில் வீடெல்லாம் வெளிய பாக்க ஒரே மாதிரிதானே, ஆனா உள்ள பைப் எந்தச் சுவத்துல போகுதுன்னு தெரியாம யாராச்சும் ட்ரில் போடுவாங்களா?

1888-ல ஃபாலோங்கிற பிரெஞ்சு டாக்டர் எழுதிவெச்ச நாலு கோளாறு எல்லாக் குழந்தைக்கும் பொதுதான்: கீழ் அறைங்களுக்கு நடுவுல ஓட்டை, நுரையீரலுக்குப் போற வழி குறுகல், ஓட்டை மேலயே ஏறி உக்காந்த பெரிய ரத்தக்குழாய், தடிச்சுப்போன வலது அறை. வித்தியாசம் எங்கன்னா, இதயத்தோட முன்பக்கத்துக்கு ரத்தம் குடுக்குற குழாய் இடது பக்கத்துலேர்ந்து வரணும், இந்தக் குழந்தைங்கள்ல 100-க்கு சுமார் 5 பேருக்கு அது வலது பக்கத்துலேர்ந்து கிளம்பி, சர்ஜன் கத்தி வைக்கிற அந்தக் குறுகல் மேலயே குறுக்க போகும். நூல் மாதிரி இருக்கும், சில நேரம் கொழுப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும், வெட்டுப்பட்டா இதயத் தசையே செத்துடும். முன்னாடியே தெரிஞ்சா அந்த இடத்தை வெட்டாம வலது மேல் அறை வழியா உள்ள போவாங்க, இல்லேன்னா தனியா ஒரு குழாய் வெச்சு வழி போடுவாங்க. எக்கோல இது சில சமயம் தெளிவா விழாது, அதான் சிடி.

இன்னொண்ணு, எந்த ஸ்கேன்லயும் தெரியாது: இதயத்தோட கரண்ட் வயர், அதாவது துடிப்புக்கான சிக்னலைக் கொண்டுபோற இழை. ஓட்டையோட ஓரத்துலயே ஓடும், தையல் அதுமேல விழுந்தா துடிப்பு தடைபட்டு பேஸ்மேக்கர் (இதயத்தைத் துடிக்கவைக்கிற கருவி) வரைக்கும் போகலாம். ஓட்டை எங்க இருக்கு, ஓரத்துல தசை இருக்கா இல்லையாங்கிறதைப் பாத்துத்தான் வயர் போற வழியைக் கணிக்கணும், அனுபவம்னு சொல்றது இதுதான்.

அவன் குத்துக்கால் போடுறதைத் திட்டாதீங்க. காலை மடக்கினா உடம்புப் பக்கம் அழுத்தம் கூடி நுரையீரலுக்கு ரத்தம் கொஞ்சம் அதிகமாப் போகும், அவனே கண்டுபிடிச்ச வைத்தியம் அது. ஒருநாள் ரொம்ப நீலமாகி மூச்சு வாங்கினா ஸ்கேன் தேதிக்காக காத்திருக்காதீங்க, முழங்காலை நெஞ்சோட மடக்கிப் பிடிச்சுக்கிட்டு நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.