வகுப்பு அடங்க மாட்டேன் என்கிறதா? கேளுங்கள்

பதில் சொல்பவர்: அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர்

கேள்வி (எட்டாம் வகுப்பு கணித ஆசிரியர்): டீச்சர், கரும்பலகைப் பக்கம் திரும்பினால் போதும், பின்னால் சந்தைக்கடை. எவ்வளவு கத்தினாலும் கேட்பதில்லை.

பதில்: முதலில் கத்துவதை நிறுத்துங்கள் சார். நீங்கள் குரலை ஏற்ற ஏற்ற அவர்களும் ஏற்றுவார்கள். ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970இல் புத்தகம் போட்டார். சேட்டை நடந்தபிறகு ஆசிரியர் எப்படிக் கண்டித்தார் என்பதில் நல்ல வகுப்புக்கும் அடங்காத வகுப்புக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. சேட்டைக்கு இடமே கொடுக்காமல் பாடத்தைத் தொய்வில்லாமல் ஓட்டினாரா, எல்லார் மேலும் கண் வைத்திருந்தாரா என்பதில்தான் இருந்தது. அதனால் கணக்கு முழுவதையும் நீங்களே எழுதாதீர்கள். இரண்டு வரி எழுதுங்கள், அடுத்த வரியை அவர்கள் நோட்டில் போடட்டும், நீங்கள் கடைசி பெஞ்சுவரை ஒரு நடை போய்வாருங்கள். பலகையில் எழுதும்போதும் பக்கவாட்டில் நின்று பழகுங்கள். கையெழுத்து கோணும், பரவாயில்லை.

கேள்வி: லேசாக ஒரு தட்டு தட்டினால்கூடத் தப்பா மேடம்? எங்களையும் அடித்துத்தானே படிக்க வைத்தார்கள்.

பதில்: தப்புதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத்துன்பம் தருவதையும் தடுக்கிறது. 'மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்று திட்டுவதையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: கேள்வி கேட்டால் அதே நாலு பேர்தான் கத்துகிறார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

பதில்: பெயரைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மற்ற எல்லாருக்கும் விடுமுறை விட்ட மாதிரி. கேள்வியைக் கேளுங்கள், மனதுக்குள் மூன்று எண்ணுங்கள், அப்புறம் பெயர். நாம் பெரும்பாலும் ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை.

கேள்வி: ஒரே ஒரு பையன், தினமும் வம்பு. என்ன செய்வது?

பதில்: எல்லார் முன்னாலும் மோதாதீர்கள். நண்பர்கள் பார்க்கும்போது அவனால் இறங்கிவர முடியாது. இடைவேளையில் தனியாகக் கூப்பிட்டு, 'சாப்பிட்டாயா' என்பதில் தொடங்குங்கள். ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். எழுத்துக்கூட்டவே திணறுவான், அதை மறைக்கத்தான் பாதி வம்பு. நான் பார்த்தவரை இதுதான் அதிகம். வீட்டில் அடி, கொடுமை என்று தெரிந்தால் நீங்களே பஞ்சாயத்து பண்ணாமல் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

கேள்வி: பேசுகிறவர்கள் பெயரை லீடர் பலகையில் எழுதட்டுமா?

பதில்: வேண்டாம். ஒரே வாரத்தில் லீடர் பாக்கெட்டில் கடலைமிட்டாய் சேரும்.