தோற்றவரிடமே தங்கிவிட்ட பட்டம்

அன்புள்ள ஐயா,

போன வாரக் கட்டுரையில் போகிற போக்கில், குத்துச்சண்டையில் எல்லாக் காலத்துக்கும் பெரியவர் சுகர் ரே ராபின்சன் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. ஃபிளாய்ட் மேவெதர் 50 சண்டை போட்டு ஐம்பதிலும் ஜெயித்தவர். ராபின்சன் 19 முறை தோற்றிருக்கிறார். முகமது அலியே ஐந்து முறை தோற்றவர்தான். ஒருமுறைகூடத் தோற்காதவர் இருக்கும்போது தோற்றவர்களுக்கு மகுடம் சூட்டுவது என்ன நியாயம்? பழசு என்றால் உசத்தி என்கிற வியாதிதானே இது?

க., ஈரோடு

அன்புள்ள க.,

வியாதிதான், மறுக்கவில்லை. எனக்கு முன்னால் நிறையப் பேருக்கு இருந்திருக்கிறது.

சாம்பியன் பெல்ட் கைமாற வழக்கமான வழி, வைத்திருப்பவரை ரிங்குக்குள் வீழ்த்துவது. 'எல்லாக் காலத்துக்கும் பெரியவர்' என்ற பட்டம் அந்த வழியில் கைமாறியதாக எனக்குத் தெரிந்து இல்லை. 1892-ல் நியூ ஆர்லியன்ஸில் ஜான் எல். சல்லிவனை ஜிம் கார்பெட் 21-ஆவது ரவுண்டில் படுக்க வைத்தார். பெல்ட் போனது, சல்லிவனின் பேர் போகவில்லை. (எவனையும் அடிப்பேன் என்று மார் தட்டிய சல்லிவன் கறுப்பர்களோடு மோத மாட்டேன் என்று அறிவித்தவர். கறுப்பின வீரர் பீட்டர் ஜாக்சன் காத்திருந்ததுதான் மிச்சம். அந்தக் காலத்துப் பட்டங்களையெல்லாம் இந்தக் கழிவு போகத்தான் எடை போட வேண்டும்.) ஜீன் டன்னி இன்னும் பாவம். ஜாக் டெம்ப்சியை 1926-ல் ஒருமுறை, 1927-ல் மறுமுறை என்று இரண்டு தடவை தோற்கடித்தார். ஆனால் 1950-ல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் பத்திரிகையாளர்களிடம் அரை நூற்றாண்டின் பெரிய வீரர் யார் என்று ஓட்டெடுத்தபோது டெம்ப்சிக்கு 251, ஜோ லூயிஸுக்கு 104. டன்னி பக்கத்தில்கூட இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டெம்ப்சி உலகச் சாம்பியனானது 1919-ல். 1950-ல் ஓட்டுப் போட்ட ஐம்பது வயதுக்காரருக்கு அப்போது பத்தொன்பது வயது. 'தி ரிங்' பத்திரிகையை 1922-ல் தொடங்கிய நாட் ஃபிளெய்ஷர், 1972-ல் சாகும்வரை ஹெவிவெயிட் என்கிற அதிக எடைப் பிரிவில் ஜாக் ஜான்சனுக்கு மேல் ஆளில்லை என்றார். அலிக்கு அவருடைய முதல் பத்தில் இடமே கிடைக்கவில்லை. 1908-ல் சிட்னியில் டாமி பர்ன்ஸை அடித்து ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனானபோது ஃபிளெய்ஷருக்கு வயது 21.

இந்தச் சண்டை வேண்டாம், இயந்திரத்திடமே கேட்டுவிடலாம் என்றும் ஒருவர் கிளம்பினார். 1967-ல் மர்ரி வொரோனர் என்கிற வானொலித் தயாரிப்பாளர் பழைய சாம்பியன்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு கற்பனைப் போட்டியே நடத்தினார். அதில் அலி ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றார். அலி சும்மா விடுவாரா? பத்து லட்சம் டாலர் கேட்டு மானநஷ்ட வழக்குப் போட்டார். வழக்கு சமரசமாகி, 1969-ல் மியாமியில் ஒரு ஸ்டூடியோவுக்குள் அலியும் ராக்கி மார்சியானோவும் கேமரா முன்னால் மோதினார்கள். மார்சியானோ ஓய்வு பெற்று 13 வருஷம் ஆகியிருந்தது. உடம்பை இளைத்து, வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டு வந்தார். பலவித முடிவுகளைப் படமாக்கினார்கள், யார் ஜெயிப்பார் என்று இருவருக்கும் தெரியாது. படம் வெளிவரும் முன்பே மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். அமெரிக்கத் தியேட்டர்களில் 13-ஆவது ரவுண்டில் மார்சியானோவின் நாக் அவுட். ஐரோப்பாவில் காட்டிய படத்தில் ஜெயித்தது அலி! கம்ப்யூட்டருக்கும் ஊர்ப் பாசம் இருந்திருக்கிறது.

சரி, ராபின்சன். அந்தப் 19 தோல்விகளைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 1951 ஜூலையில் லண்டனில் ராண்டால்ஃப் டர்பினிடம் தோற்கும்வரை, 130 சொச்சம் சண்டைகளில் அவருக்கு ஒரே ஒரு தோல்வி. அது 1943 பிப்ரவரி 5, டெட்ராய்ட், ஜேக் லமோட்டாவிடம். இரண்டு வாரத்தில் நியூயார்க்கில் ஜாக்கி வில்சனை ஜெயித்தார். அதற்கடுத்த வாரமே டெட்ராய்டுக்குத் திரும்பி லமோட்டாவையும் ஜெயித்தார். இருபத்தோரு நாளில் மூன்று சண்டை. மீதி 18 தோல்வியும் முப்பது வயது தாண்டிய பிறகு வந்தவை.

அவர் உச்சத்தில் இருந்த வெல்டர்வெயிட் (நடுத்தர எடைப் பிரிவுகளில் ஒன்று) நாட்களின் படச்சுருள் மிகக் குறைவு. நாம் பார்ப்பதெல்லாம் வயதான ராபின்சனைத்தான். 1957 மே 1 அன்று சிகாகோவில் ஜீன் ஃபுல்மருடன் நடந்த சண்டையைத் தேடிப் பாருங்கள். ராபின்சனுக்கு 36 நிறைய இரண்டு நாள் பாக்கி. ஐந்தாவது ரவுண்டில் பின்வாங்கிக்கொண்டே ஓர் இடது ஹூக், அதாவது இடது கையை வளைத்து விடும் குத்து. அதுவரை யாரும் நாக் அவுட் செய்திராத ஃபுல்மர் மல்லாந்து கிடக்கிறார். பின்னால் போகிற உடம்பிலிருந்து அந்தப் பலம் எப்படி வந்தது என்று இருபது முறையாவது நிறுத்தி நிறுத்திப் பார்த்திருப்பேன், பிடிபடவில்லை. படமே இல்லாதவர் கதி இன்னும் மோசம். டன்னியைத் தோற்கடித்த ஒரே ஆள் ஹாரி கிரெப். அவர் ரிங்கில் சண்டை போடும் காட்சி ஒன்றுகூட மிஞ்சவில்லை, பேரும் மங்கிவிட்டது.

அலிக்கே ராபின்சன்தான் தெய்வம். 1960-ல் ரோம் ஒலிம்பிக்ஸுக்குக் கிளம்பும் வழியில், காஷியஸ் கிளே என்ற பதினெட்டு வயதுப் பையனாக, நியூயார்க் ஹார்லெமில் ராபின்சனின் மதுக்கூடத்துக்கு வெளியே காத்துக் கிடந்தார். வந்தவர் பையனைச் சரியாக ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிற்காலத்தில் தன்னையே பெரியவன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த அலி, ராபின்சன் பேச்சு வந்தால் மட்டும் ஒரு படி இறங்கிக்கொள்வார்.

மேவெதரை நான் குறைத்துச் சொல்லவில்லை. தோளை மடித்து அடியை வழுக்கவிடும் அந்த வித்தைக்கு இணை கிடையாது. ஆனால் அந்த ஐம்பதாவது வெற்றி, தொழில்முறைக் குத்துச்சண்டையில் அதற்கு முன் ஒரு ரவுண்டுகூட ஆடியிராத கானர் மெக்ரெகர்மேல் வந்தது. 49 சண்டையையும் ஜெயித்து ஓய்வு பெற்ற மார்சியானோவை முந்த ஒரு சண்டை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

என் சித்தப்பா 1980-ல் மதராஸ் நேரு ஸ்டேடியத்தில் அலியைப் பார்த்தவர். ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி, எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அலிக்கு அப்போது சதை போட்டிருந்தது. அதே வருஷம் அக்டோபரில் லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸ் பத்து ரவுண்டு அவரை அடித்துத் துவைத்தார். ஹோம்ஸைப் பெரியவர் என்று சித்தப்பாவிடம் சொல்லிப் பாருங்களேன், அப்புறம் அந்த வீட்டில் காபி கிடைக்காது.

கடிதத்தில் உங்கள் வயதை எழுதவில்லை. 2007-ல் மேவெதர் ஆஸ்கர் டி லா ஹோயாவை ஜெயித்தபோது எந்த வகுப்பில் படித்துக்கொண்டிருந்தீர்கள்?