விலக்கப்பட்ட ஆய்வுக் கட்டுரை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டதாகப் படித்தேன். நோயாளிகளின் தரவை அனுமதி இல்லாமல் எடுத்தார்களாம், ஆசிரியர் பட்டியலிலும் சிக்கலாம். கணக்கு தப்பு என்று யாரும் சொல்லவில்லை. முடிவு சரியென்றால் எதற்கு விலக்க வேண்டும்? இது வெறும் சம்பிரதாயம்தானே?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

சம்பிரதாயம் இல்லை. முடிவு சரியா என்று பார்க்க மூலத் தரவு வேண்டும். அதை யார் கொடுத்தார்கள் என்பதே தெளிவில்லாதபோது யாரிடம் போய்ச் சரிபார்ப்பது?

2020 மே 22 அன்று லான்செட் மருத்துவ இதழில், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கோவிட் நோயாளிகளுக்குக் கொடுப்பது பற்றி வந்த கட்டுரை நினைவிருக்கும். 671 மருத்துவமனைகள், 96,032 கோவிட் நோயாளிகள். தரவு சர்ஜிஸ்பியர் என்ற அமெரிக்க நிறுவனத்துடையது. அதன் தலைவரும் ஆசிரியர்களில் ஒருவர். அந்த மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு அதிகம் என்றது கட்டுரை. மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் கோவிட் மருந்துப் பரிசோதனையில் அந்த மருந்தை நிறுத்திவைத்தது.

பிறகு ஆஸ்திரேலியக் கணக்கு உதைத்தது. ஏப்ரல் 21 வரை அங்கே ஐந்து மருத்துவமனைகளில் மட்டும் 73 பேர் இறந்ததாகக் கட்டுரையில் இருந்தது. அன்றைக்கு நாடு முழுவதிலும் இறந்தவர்களே 67 பேர்தான். ஓர் ஆசிய மருத்துவமனை தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. தணிக்கைக்கு முழுத் தரவைக் கேட்டபோது ஒப்பந்தம், ரகசியம் என்று மறுத்துவிட்டது. ஜூன் 4 அன்று மற்ற மூன்று ஆசிரியர்களும் கட்டுரையை விலக்கிக்கொண்டார்கள். பெயர்பெற்ற மருத்துவர்கள் அவர்கள். தாங்கள் கையெழுத்திட்ட கட்டுரையின் மூலத் தரவு அவர்கள் கைக்கே வரவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆசிரியர் என்று பெயர் போட, மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. நான்காவது, கட்டுரை முழுவதற்கும் பொறுப்பேற்பது. பெயர்த் தகராறு மட்டும் என்றால், முடிவில் சந்தேகம் இல்லாதவரை, பொதுவாகத் திருத்தக் குறிப்பே போதும். அனுமதியில்லாத் தரவு அப்படியல்ல. பதிப்பு நெறிகளுக்கான கோப் அமைப்பின் 2019 வழிகாட்டுதல் அதை விலக்கலுக்கான காரணங்களில் ஒன்றாகவே சொல்கிறது.

நோயாளியையும் நினையுங்கள். தன் ரத்தப் பரிசோதனை முடிவையும் நோய் விவரத்தையும் அவர் சிகிச்சைக்காகத்தான் கொடுத்தார். வேறெதற்காவது எடுப்பதாக இருந்தால் அவரிடம் கேட்க வேண்டும். இல்லையென்றால் அவர் சார்பில் ஆய்வு நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

நீங்கள் படித்த ஆய்வின் முடிவு சரியாகவே இருக்கலாம். அப்படியென்றால் முறைப்படி அனுமதி வாங்கி, யார் என்ன செய்தார்கள் என்று எழுதி, மறுபடி அனுப்பட்டும்.