தம்பிக்கு இது எதனால் வந்தது?

வணக்கம் அண்ணா,

என் தம்பிக்கு 21 வயது. நாலு மாதமாக அறையைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறான். குளிப்பில்லை, நித்திரையில்லை, கம்பஸுக்கும் போவதில்லை. பக்கத்து வீட்டார் இரவிரவாகத் தன்னைப் பற்றிக் கதைப்பது கேட்கிறதாம். அம்மா செய்வினை என்று நூல் கட்டினார். அப்பா போன்தான் காரணம் என்கிறார். எனக்கோ சண்டைக்காலத்தில் பட்டதுதானோ என்று படுகிறது. எதனால் இது வந்தது?

ஒரு அக்கா, கோப்பாய்

அன்பின் தங்கச்சி,

காரணம் தேடியே நாலு மாதம் போய்விட்டது. அதுதான் எனக்குப் பெரிய கவலை. என்ன நோய் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இல்லாத குரல் கேட்பது, ஓயாத சந்தேகம், ஒதுங்கிப் போவது, குளிக்காமல் கிடப்பது எல்லாம் சேர்ந்து வந்தால் மனச்சிதைவு (ஸ்கிட்சோஃப்ரினியா) என்ற மனநோயாக இருக்கலாம். ஆண்பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் இந்த வயதில்தான் தலைகாட்டும். சிகிச்சை பிந்தப் பிந்தக் குணமாவது கடினமாகும்.

இதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்குக் கட்டாயம் வரும் என்றில்லை. பாதிப்பேருக்காவது வருவதேயில்லை. பிறப்பின்போது ஏற்பட்ட சிக்கல், சிறுவயதுத் துன்பம், கஞ்சா எனப் பலதும் சேர்ந்துதான் இதைக் கொண்டுவருகின்றன. கஞ்சாவைப் பற்றி அவனிடம் ஏசாமல் கேளுங்கள், மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

போர் நம் சனத்தின் மனதில் விட்ட காயத்தைப் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, பழைய சம்பவம் திரும்பத் திரும்பக் கண்முன் வருவது அந்தக் காயத்தின் அடையாளங்கள். தம்பிக்கு நீங்கள் சொல்வது வேறு மாதிரி. போர் ஒரு பாரமாகச் சேர்ந்திருக்கலாம், அவ்வளவுதான்.

அம்மா கோயிலுக்குப் போகட்டும், நூலும் கையில் இருக்கட்டும். அடித்துப் பேயோட்ட மட்டும் விடாதீர்கள். கலியாணம் கட்டி வைத்தால் சரியாகும் என்று யாராவது வந்தால் கேட்காதீர்கள். அது இன்னொரு பிள்ளையின் வாழ்க்கை.

சரி, எப்படிக் கூட்டிப்போவது? குரல் பொய் என்று அவனோடு வாதாட வேண்டாம், அவனுக்கு அது உண்மையாகவே கேட்கிறது. "நித்திரை இல்லாமல் களைச்சுப்போனாய், அதுக்கு மருந்து எடுப்பம்" என்று சொல்லிப் பாருங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வரமாட்டேன் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேளுங்கள். சாவைப் பற்றிக் கதைத்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அந்த இரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.